எல்லாரும் செட்டியார் ஆன கதை: ஆர்க் மோடில் மேற்கோள் ஏற்றுமதி

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு ஆத்தங்குடி டைல்ஸ் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். வேர்டில் இல்லை, ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தியில், அதற்குள் ஆவணம் எழுத உதவும் ஆர்க் மோடு போட்டு. 2021இல் வந்த ஆர்க் மோடு 9.5 பதிப்பிலிருந்து, எந்த நூலிலிருந்து எடுத்தோம் என்று காட்டும் மேற்கோள் வசதி அதிலேயே இருக்கிறது. நூல் விவரங்களை எழுதிவைக்கும் பிப் கோப்பு எங்கே என்று ஒரு வரி, எந்த முறையில் ஏற்றுமதி (வேறு வடிவக் கோப்பாக மாற்றுவது) என்று ஒரு வரி, நூற்பட்டியல் வர வேண்டிய இடத்தில் ஒரு வரி. மூன்றே வரி என்று நம்பித்தான் இறங்கினேன்.

எதுவும் சொல்லாவிட்டால் 'பேசிக்' முறைதான் ஓடும். அதில் ஆய்வேடுகளில் புழங்கும் ஏபிஏ மேற்கோள் வடிவம் வராது. அதற்கு, மேற்கோள் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பாணிக்கோப்பிலிருந்து படிக்கும் சிஎஸ்எல் முறை வேண்டும், சிஎஸ்எல்லுக்கு சைட்பிராக் பொதியைத் தனியாக நிறுவ வேண்டும், ஏபிஏ பாணிக்கோப்பையும் நாமே இறக்கி வைக்க வேண்டும். இது அரைநாள் வேலை, போகட்டும்.

கூத்து அதற்கப்புறம்தான். 'சொக்கலிங்கம் செட்டியார்' என்று பிப் கோப்பில் எழுதினால் கடைசிச் சொல்தான் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. சொக்கலிங்கம் இனிஷியலாகச் சுருங்கிவிட்டார், செட்டியார் மட்டும் நிமிர்ந்து நின்றார். இந்த ஊர் வீடுகளைப் பற்றிய பழைய மலர்களையும் குடும்ப வரலாறுகளையும் எழுதியது யாராக இருக்கும்? நூற்பட்டியலில் பாதி 'செ'வில் போய் விழுந்தது. "என்னம்மா, எல்லாத்தையும் ஒரே ஆளா எழுதினாரு?" என்றார் வழிகாட்டி. மருந்து ஒரே ஒரு காற்புள்ளி: 'சொக்கலிங்கம் செட்டியார், மெ.' என்று எழுதினால் காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது முழுதும் ஒரே பெயராக நிற்கும். இதை எந்தக் கையேடும் நமக்காகச் சொல்லப்போவதில்லை.

பிடிஎஃப் வேண்டுவோர், அதை ஆக்கித்தரும் நிரல்களில் பிடிஎஃப்லேடெக்ஸை விட்டுவிட்டு ஸீலேடெக்ஸுக்குப் போய்விடுங்கள், தமிழுக்கு அதுதான் சரி. நான் ஓடிடி (.odt) ஆவணமாக எடுத்து, லிப்ரே ஆபீஸில் திறந்து, வேர்டாகச் சேமித்துக் கொடுக்கிறேன்.

இத்தனைக்கும் ஏன் விடவில்லை? போன மாதம் திடீரென்று அடிக்குறிப்பாக வேண்டும் என்றார்கள். பாணிக்கோப்பின் பெயரை மட்டும் மாற்றி மறுபடி ஏற்றுமதி செய்தேன். டீ ஆறுவதற்குள் எல்லா மேற்கோளும் பக்கத்தின் அடிக்கு இறங்கிவிட்டன. வேர்டில் கையால் அடித்துவந்த தோழி அன்று என்னோடு பேசவில்லை.

ஒரு குறை இன்னும் பாக்கி. மேற்கோளில் தானாக வரும் இணைப்புச் சொற்களுக்கு வேறு மொழிக்கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டாவிட்டால் அமெரிக்க ஆங்கிலம்தான். தமிழ்ப் பெயர்களுக்கு நடுவே 'அண்ட்', 'எட் ஆல்' எல்லாம் ஆங்கிலத்தில் வந்து உட்காருகின்றன. கடைசியில் அவற்றை மட்டும் தேடித்தேடி 'மற்றும் பிறர்' ஆக்கிக்கொண்டிருக்கிறேன்.