மின்சார ஸ்கூட்டரும் மரபு அரிசியும்: மூன்று வருடக் கணக்கு

எங்கள் திருச்சி வீட்டில் மூன்று வருடத்துக்கு முன்பு இரண்டு மாற்றங்கள் செய்தோம். பெட்ரோல் ஸ்கூட்டரை விற்றுவிட்டு மின்சார ஸ்கூட்டர் வாங்கினோம். பொன்னி மூட்டையை நிறுத்திவிட்டு மரபு நெல் அரிசிக்கு வந்தோம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்கூட்டரில் மிச்சமாகிற பணத்தை அரிசி தின்றுவிடுகிறது. பணம் மிச்சம் பிடிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் ஸ்கூட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் ஸ்கூட்டரில் இருப்பது 3 கிலோவாட்-மணி (kWh) பேட்டரி. முழுச் சார்ஜுக்கு மூன்றரை யூனிட் பிடிக்கிறது, ஊருக்குள் 90 கிலோமீட்டர் வரை ஓடுகிறது. பின்னால் ஒருவர் உட்கார்ந்து, மேம்பாலங்களும் குறுக்கிட்டால் 75தான். பழைய வண்டிக்கு இதே தூரத்துக்கு இரண்டு லிட்டர் பெட்ரோல், அதாவது 200 ரூபாய். இப்போது 25 ரூபாயைத் தாண்டுவதில்லை. ஆயில் மாற்றும் வேலையும் கிடையாது. செலவு என்று வந்தது டயரும் பிரேக் பேடும்தான்.

கரன்ட் பில்லில் மட்டும் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டாதவரை 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குச் சலுகை உண்டு. ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை போய்விடும். ஸ்கூட்டர் எடுப்பது 50 யூனிட்டுக்குள்தான், ஆனால் சித்திரை வெயிலில் ஏசியும் சேர்ந்தால் அந்த 50தான் எல்லையைத் தாண்ட வைக்கும். அப்படித் தாண்டினாலும் பெட்ரோல் செலவுக்குப் பக்கத்தில் வராது.

குறை இல்லாமல் இல்லை. ஒருமுறை கன்ட்ரோலர் பழுதாகி வண்டி நின்றது. சர்வீஸ் சென்டரில் ‘பார்ட் வரணும் சார்’ என்ற ஒரே பதிலைக் கேட்டுக்கொண்டு மூன்று வாரம் பஸ்ஸில் போனேன். தெருமுனை மெக்கானிக் இந்த வண்டியைத் தொடுவதில்லை. அப்புறம், புகை வராத வண்டி என்பது நம் தெருவுக்குத்தான் பொருந்தும். இரவில் வரும் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் இருந்துதான். ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றும் மாதங்களில் கொஞ்சம் மனநிம்மதியோடு சார்ஜ் போடலாம். வாடகை வீட்டில், மூன்றாவது மாடியில் இருந்துகொண்டு சார்ஜ் போட இடம் இல்லாதவர்களுக்கு இந்த வண்டியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

   

அரிசிக்கு வருவோம். பலர் மாப்பிள்ளைச் சம்பாவிலோ கருப்புக் கவுனியிலோ தொடங்கி, ஒரே மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். தட்டில் சிவப்பாகவும் கறுப்பாகவும் தடித்த சோறு வந்து விழுந்தால் பிள்ளைகள் எப்படிச் சாப்பிடுவார்கள்? தூயமல்லி, கிச்சிலிச் சம்பாவில் தொடங்குங்கள். இரண்டும் வெள்ளை அரிசி. சாம்பாருக்கும் ரசத்துக்கும் பொன்னியைப் போலவே போகும். எங்கள் வீட்டில் அன்றாடச் சாப்பாட்டுக்குத் தூயமல்லி, இட்லிக்குக் குள்ளக்கார் என்று நிலைத்துவிட்டது. மாப்பிள்ளைச் சம்பா பழைய சோற்றுக்கு மட்டும். மறுநாள் காலை அந்த நீராகாரத்தோடு சின்ன வெங்காயம் கடித்துச் சாப்பிடுகிற ருசி வேறு எந்த அரிசியிலும் வரவில்லை. கவுனியை முந்தின இரவே ஊறவைக்க வேண்டும். ஊறிய தண்ணீர் நாவல் பழச் சாறு மாதிரி ஆகிவிடும். அதைக் கொட்டாமல் அதிலேயே வேகவிட்டு, செட்டிநாட்டு வழக்கப்படி சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் சேர்த்தால் விருந்து. தினசரிச் சோறாக அது சரிவராது. சர்க்கரை நோய் குணமாகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். எந்த நிறமானாலும் அரிசி மாவுச்சத்துதான், அளவு முக்கியம்.

விலைதான் இடிக்கிறது. நான் வாங்குவது கிலோ 90 ரூபாயில் தொடங்கும், கவுனி அதைப்போல இரண்டு மடங்கு. அதற்குக் காரணம் உண்டு. குறுகிய காலப் பருவமான குறுவைக்குப் போடும் ஆடுதுறை 43 போன்ற ரகம் 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். மரபு ரகமான காட்டுயானத்துக்கு 180 நாள். ஆள் உயரம் வளர்கிற பயிர், மழைக் காற்றில் சாய்ந்துவிட்டால் மகசூல் அதோடு போச்சு. நான் வாங்கும் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி வேறொரு கஷ்டமும் சொன்னார்: “மூணு மூட்டைக்கெல்லாம் மில்லுல மெஷினை ஓட்ட மாட்டேங்கிறாங்க சார். முன்னாடி அரைச்ச ரகம் வேற கலந்துடுது.” அதன் பிறகு நான் பேரம் பேசுவதில்லை. அதே வட்டாரத்தில், ஆதிரெங்கத்தில்தான் மரபு நெல் ரகங்களை மீட்டுப் பரப்பிய நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்தினார். 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. 2018-ல் அவர் மறைந்தார். மாப்பிள்ளைச் சம்பா இன்று நகரத்து மளிகைக் கடை வரை வந்திருப்பதில் அந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

வாங்கினால் மொத்தமாக வாங்காதீர்கள். தவிடு நீக்காத அரிசியில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் இரண்டு மூன்று மாதத்தில் சிக்கு வாடை வரும், வண்டும் சீக்கிரம் பிடிக்கும். வசம்பும் காய்ந்த மிளகாயும் போட்டு வைத்தால் வண்டு கொஞ்ச நாள் தள்ளிப்போகும், வாடைக்கு அவை உதவாது. பச்சரிசியைவிடப் புழுங்கல் தாங்கும். அறுத்த சூட்டோடு தை, மாசியில் வருகிற புது அரிசி குழையும், சோற்றுக்குச் சில மாதம் பழகிய நெல்தான் நல்லது. நெல்லாகவே வைத்திருந்து, நாம் கேட்கும்போது அரைத்து அனுப்புகிறவராகப் பார்த்துப் பிடியுங்கள். அரைத்த தேதியைக் கேட்டால் சொல்ல வேண்டும். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.