‘சந்தை விலை’ என்று சொல்லும் நண்டை நம்பாதீர்கள்

கொழும்புக்கு வந்து காலி வீதிப் பக்கம் நல்ல சாப்பாட்டுக் கடை தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள். முகப்பில் யாழ்ப்பாணச் சுவை என்று எழுதி, வாசலில் பனையோலைப் பெட்டி தொங்கவிட்டிருக்கும் ஒரு கடையில் போன வாரம் எங்கள் தலையில் நன்றாக மிளகாய் அரைத்தார்கள். காசு போனது ஒரு பக்கம். எங்கள் ஊர்ச் சாப்பாட்டின் பெயரைச் சொல்லி எங்களையே ஏமாற்றினார்களே என்று அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

அக்காவும் அத்தானும் மகளோடு கனடாவிலிருந்து வந்திருந்தார்கள். கொழும்பில் நிற்கிற நாட்களில் ஒரு வேளை சாப்பிட்டதை மறுவேளை சாப்பிடக் கூடாது, ஒவ்வொரு சனத்தின் சாப்பாடாகப் பார்க்க வேண்டும் என்பது அத்தானின் ஆசை. கொம்பனித்தெருவில் மலாய்க்காரரின் நாசி கோரேங் சாப்பிட்டோம். பறங்கியர் வீட்டு லம்பிறைஸ் வாங்கினோம்: சோறு, கலவை இறைச்சிக் கறி, கத்தரிக்காய் மோஜு எல்லாவற்றையும் வாழையிலையில் பொதிந்து போறணையில் வைத்து எடுப்பார்களே, அதுதான். கொறுக்காய்ப் புளி போட்ட தென்பகுதி மீன் அம்புல்தியல் அத்தானுக்கு மிகவும் பிடித்துவிட்டது. காலிமுகத்திடலில் இறால் வடை, வெள்ளவத்தையில் சைவக் கடைத் தோசை. ஓரிடத்திலும் சச்சரவு இல்லை. இறால் வடை வண்டிக்காரர் கூட விலையை மட்டையில் எழுதிக் கட்டியிருந்தார்.

கடைசியில் அம்மாதான், “எல்லார்ரை சாப்பாடும் திண்டாச்சு, எங்கடை கூழும் நண்டும் இவன் பிள்ளைக்குக் காட்ட வேண்டாமோ” என்றார். அக்காவின் மகளை, அதாவது என் மருமகளை, அம்மா அவன் இவன் என்றுதான் செல்லமாகச் சொல்வார். அப்படித்தான் அந்தக் கடைக்குள் போனோம்.

மெனு அட்டையில் எல்லாவற்றுக்கும் விலை இருந்தது, களப்பு நண்டுக் கறியைத் தவிர. அதற்கு நேரே ‘சந்தை விலை’ என்று மட்டும் போட்டிருந்தது. அம்மா விடவில்லை.

“தம்பி, நண்டு கிலோ என்ன விலை?”

“அதை முதலே சொல்லேலாது அம்மா. நிறுத்துப் பாத்துத்தான் சொல்லலாம். பயப்பிடாதேங்கோ, நியாயமாத்தான் வரும்.”

“அப்ப நிறுக்கேக்க எங்களுக்கு ஒருக்காக் காட்டும்.”

“ஓம் அம்மா” என்று போன பொடியன் திரும்பி வந்தது முக்கால் மணித்தியாலம் கழித்து, கறிச் சட்டியோடு. நடுவில் நான் எழும்பிப் போய்க் கேட்டபோது “அடுப்பிலை ஏறீட்டுது சேர்” என்றார்கள். சட்டியில் ஏறிய நண்டை எப்படி நிறுத்துப் பார்ப்பது?

சட்டியைத் திறந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அது களப்பு நண்டே இல்லை. நீலக்கால் நண்டு. யாழ்ப்பாணத்தில் கடற்கரைச் சந்தையில் வாங்கிப் பழகியவர்களுக்கு இதில் குழப்பமே வராது, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். களப்பு நண்டுக்குக் கை தடித்து உருண்டிருக்கும், ஓடு கனம், அதை உடைக்கப் பாக்குவெட்டி மாதிரி ஏதாவது வேண்டும். நீலக்கால் நண்டின் கை நீளமாக, ஒடுங்கலாக இருக்கும். ஓட்டின் இரண்டு பக்க ஓரத்திலும் ஊசி போல ஒவ்வொரு நீட்டு முள் துருத்திக்கொண்டு நிற்கும். சமைத்தால் இரண்டும் சிவந்துவிடும், ஆனால் கையின் பருமனும் அந்த முள்ளும் எங்கே போகும்? நீலக்கால் நண்டு ருசியில் குறைந்தது என்று சொல்ல வரவில்லை. எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும். ஆனால் இரண்டின் விலைக்கும் நிறைக்கும் பெரிய வித்தியாசம். களப்பு நண்டு ஒன்றே ஒரு கிலோவைத் தாண்டலாம். நீலக்கால் நண்டில் அரைக் கிலோ வருவதே அபூர்வம். எங்கள் சட்டியில் பாதி பாதியாக வெட்டிப் போட்டிருந்தது மொத்தம் மூன்று நண்டு. அதிலும் சதை நூல் நூலாகக் கழன்று வந்தது. நாள்பட்ட ஐஸ் நண்டு. எங்கள் ஊர் நண்டுக் கறிக்குப் போடும் முருங்கை இலை ஒன்று கூடக் கண்ணில் படவில்லை.

கூழ் அதற்கு மேல். கூழுக்குப் போடும் ஒடியல் மாவுக்கென்று, அதுதான் காயவைத்த பனங்கிழங்கு மாவுக்கு, ஒரு மெல்லிய கசப்பு இருக்கும், எத்தனை தரம் ஊறவைத்து வடித்தாலும் அடித்தொண்டையில் கொஞ்சம் நிற்கும். அதுதான் கூழ். இங்கே வந்ததில் கசப்பும் இல்லை, பலாக்கொட்டையும் இல்லை, மரவள்ளித் துண்டும் இல்லை. கோன்ஃப்ளவர் கரைத்துப் புளியும் மிளகாயும் விட்டு, நாலு இறால் மிதக்கவிட்டிருந்தார்கள். மருமகள் ஒரு வாய் குடித்துவிட்டு “நைஸ்” என்றாள். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சரி, வாய்க்கு ருசியில்லை என்பதற்காக எச்சரிக்கைப் பதிவு எழுதத் தேவையில்லை. விசயம் பில்லில் இருக்கிறது.

அச்சடித்த பில் வரவில்லை. ஒரு துண்டுத் தாளில் கையால் எழுதி வந்தது: நண்டு 13,300, கூழ் 4,750, புட்டும் இடியப்பமும் 2,400, கணவாய்ப் பிரட்டல் 2,600, ரோல்ஸ் 1,440, தண்ணீர் 750. அதற்கு மேல் சேவைக் கட்டணம் 2,524. அதற்கும் மேல் ‘டெக்ஸ்’ என்று 4,998. கூட்டினால் 32,762 ரூபாய். அத்தான் கார்டை எடுத்துவிட்டார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினேன். நண்டு 1.4 கிலோவாம், கிலோ 9,500 ரூபாயாம். கூழ் நாங்கள் கேட்டது மூன்று கோப்பை, எழுதியிருந்தது ஐந்து. ஆளுக்கொன்று என்று அவர்களே கணக்குப் போட்டுவிட்டார்கள். ரோல்ஸ் கதை வேறு. இங்கே பழைய கடைகளில் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், வடை, பற்றிஸ் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். சாப்பிட்டதை எண்ணித்தான் காசு, மிச்சம் திரும்பிப் போகும். தட்டில் எட்டு வந்தது, மூன்றைத்தான் எடுத்தோம், எட்டுக்கும் பில். கொழும்பு வழக்கம் தெரியாத யாரும் ‘வைத்தார்கள், அப்போ காசு கொடுக்கத்தான் வேணும்’ என்று பேசாமல் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

முதலாளி வந்தார். நல்ல தமிழ், நல்ல சிரிப்பு. “அண்ணை, வெளியாலை இருந்து வந்திருக்கிறியள் போலை. கொழும்பிலை இப்ப எல்லா இடமும் இந்த விலைதான்” என்று என்னை விட்டுவிட்டு அத்தானைப் பார்த்துச் சொன்னார். அத்தானின் கனடாத் தமிழைக் கேட்ட நேரத்திலிருந்தே எங்கள் விலை ஏறத் தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். 2024 ஏப்ரலில் கொழும்பு புதுக்கடைப் பகுதியில் ஒரு வெளிநாட்டுக்காரரிடம் கொத்து ரொட்டிக்கு 1,900 ரூபாய் கேட்ட காணொளி பரவி, கேட்டவரைப் பொலிஸ் பிடித்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த வெளிநாட்டுக்காரருக்காவது கமரா இருந்தது. எங்கள் ஆட்களுக்கு, சொந்த ஊரில் நின்று விலை பேசுவதற்கு வெட்கம்.

நண்டு விசயத்தில் அவர் அசையவே இல்லை. இது நீலக்கால் நண்டு என்றேன். “இல்லை அண்ணை, இது மன்னார்க் களப்பு நண்டு, அந்தப் பக்கம் இப்பிடித்தான்” என்றார். நிறுத்ததைக் காட்டவில்லையே என்றேன். “குசினியிலை நிறுத்தது” என்றார். இதில் அவருக்குத் துணிச்சல் வரக் காரணம் உண்டு. சமைத்த நண்டுக்குக் கட்டுப்பாட்டு விலை என்று ஒன்றும் கிடையாது, நிறையை நிரூபிக்கவும் வழியில்லை. விலை எழுதாமல் விடுவதன் சூட்சுமமே அதுதான்.

அப்போதுதான் மேசையில் நின்ற தண்ணீர்ப் போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு லீற்றர்ப் போத்தல், அதிலேயே அதிகபட்ச சில்லறை விலை 100 ரூபாய் என்று அச்சடித்திருக்கிறது. எங்களுக்கு ஒன்றுக்கு 250 படி மூன்று போத்தலுக்குப் போட்டிருந்தார்கள். போத்தல் தண்ணீருக்கு 2025 ஏப்ரல் முதல் வர்த்தமானியில் அறிவித்த உச்ச விலை இருக்கிறது: அரை லீற்றர் 70, ஒரு லீற்றர் 100, ஒன்றரை லீற்றர் 130. அதை மீறி விற்றால் குற்றம். நுகர்வோர் சட்டத்தை 2021இல் திருத்தியபோது தண்டப்பணத்தையும் நன்றாக உயர்த்தினார்கள். தனி ஆளென்றால் ஒரு இலட்சத்திலிருந்து ஐந்து இலட்சம் வரை, கம்பனியென்றால் ஐந்து இலட்சத்திலிருந்து ஐம்பது இலட்சம் வரை. நான் போத்தலையும் துண்டுப் பில்லையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் முறைப்பாட்டு இலக்கமான 1977க்கு அடிக்கவா என்று மட்டும் கேட்டேன்.

நண்டில் பிடிபடாதவர் தண்ணீரில் பிடிபட்டார். சிரிப்பு போய்விட்டது. “அண்ணை, ஏன் இதைப் பெரிசாக்கிறியள்” என்று தாளை வாங்கி வெட்டத் தொடங்கினார்.

வெட்டும்போதே வரியைப் பற்றியும் கேட்டேன். சேவைக் கட்டணம் 10 சதவீதம் இங்கே வழமைதான், மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் போட்டுமிருந்தார்கள், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் வற் வரி 18 சதவீதம் என்றால் கடைக்கு வற் பதிவு இருக்க வேண்டும். பதிவு இலக்கம் ஒன்பது எண்களும் அதன் பின்னால் 7000மாக இருக்கும், பில்லில் அது நிற்க வேண்டும். துண்டுத் தாளில் ‘டெக்ஸ்’ என்று எழுதி வாங்கும் காசு அரசாங்கத்துக்குப் போகும் என்று நம்ப நான் தயாராக இல்லை. “உங்கடை வற் நம்பரை எழுதித் தாருங்கோ, முழுக் காசும் தாறன்” என்றேன். அந்த வரியையும் பேசாமல் வெட்டினார்.

வெட்டி முடித்த பில் 24,189 ரூபாய். அதாவது கேள்வி கேட்ட கால் மணித்தியாலத்தில் 8,573 ரூபாய் குறைந்தது. நண்டுக்கு 13,300 அப்படியே நின்றது. அம்மா களைத்துப் போயிருந்தார், பிள்ளைக்கு நித்திரை. கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

இனிப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, நண்டோ சிங்க இறாலோ கேட்கும் முன் கிலோ விலையை அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள், நண்டை உயிரோடோ பச்சையாகவோ மேசைக்குக் கொண்டுவந்து உங்கள் கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லுங்கள். இது ஒன்றும் அதிசயக் கோரிக்கை இல்லை. கோட்டையில் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடத்தில் இருக்கும் மினிஸ்ட்ரி ஒவ் க்ராப் என்ற நண்டு உணவகத்தில் அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை நண்டை நிறை நிறையாகப் பிரித்து, ஒவ்வொரு நிறைக்கும் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். அங்கே விலை கையைச் சுடும், ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம். நிறுத்துக் காட்ட மாட்டோம் என்கிற கடையில் புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு எழும்புங்கள்.

மேசைக்கு வரும் பலகாரத் தட்டையும் வரும்போதே ஒரு படம் எடுத்துவிடுங்கள். கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டுக் கேட்டால் கடைக்காரர் தந்தாக வேண்டும், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அது இருக்கிறது. துண்டுத் தாள் தந்தாலும் எறிந்துவிடாதீர்கள், எங்களுடைய முறைப்பாட்டுக்கு இப்போது அதுதான் சாட்சி. 1977க்குத் தொலைபேசியில் சொல்லலாம், கொழும்பில் நிற்கிறவர்கள் வொக்ஸ்ஹோல் வீதி அலுவலகத்தில் நேரிலும் கொடுக்கலாம். அத்தான் ஆட்கள் போன பிறகு நான் நேரில் போய்க் கொடுத்தேன், போத்தல் படத்தையும் சேர்த்து.

விசாரணை முடியும்வரை கடையின் பெயரை நான் போடப் போவதில்லை, உள்பெட்டியில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அந்தப் பரிமாறின பொடியனைப் பற்றியும் யாரும் தப்பாக எழுத வேண்டாம். நாங்கள் வெளியே வரும்போது அவன் அம்மாவுக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, முதலாளிக்குக் கேட்காமல், “அடுத்தமுறை விலை போட்டிருக்கிறதை மட்டும் கேளுங்கோ அம்மா” என்றான்.