‘சைலன்ட்’ எஸ்எம்பிஎஸ் வாங்கி நான் பட்ட பாடு: சேலத்துக்காரர்கள் கவனத்துக்கு

வீட்டில் சின்னதாக ஸ்டோரேஜ் சர்வர் கட்டப்போகிற சேலத்துக்காரர்கள், எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்டை மாற்றிக்கொடுக்கும் பவர் சப்ளை) வாங்கக் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் முடியவில்லை.

நான் கல்யாண போட்டோகிராபர், வீடு அம்மாப்பேட்டை. முகூர்த்த மாதம் வந்தால் படமும் வீடியோவும் மலையாகக் குவியும். அதற்காக 4 ஹார்டு டிஸ்க் பிடிக்கிற ஒரு குட்டிப் பெட்டியில் சர்வர் கட்டினேன். வைக்க இடம் ஹாலில் டிவி ஸ்டாண்டுக்குக் கீழேதான். அம்மா படுப்பதும் அங்கேதான். அதனால் கடையில் நான் கேட்டது இரண்டே விஷயம்: எஸ்எம்பிஎஸ் எஸ்எஃப்எக்ஸ் அளவில் (குட்டிப் பெட்டிகளுக்கான அளவு) இருக்க வேண்டும், சத்தம் கூடாது.

"எஸ்எஃப்எக்ஸ் வர பத்து நாள் ஆகுங்ணா. இது அதைவிடச் சின்னது. 450 வாட், கோல்டு, சுத்தமா சைலன்ட்" என்றார் கடைத்தம்பி. விலை 2,900. நீளமான, ஒடுங்கலான எஸ்எம்பிஎஸ். ஃபிளெக்ஸ் என்ற வகை. என் சர்வர் பெட்டியின் துளை அதைவிடப் பெரிதாக இருந்ததால் ஒரு தகடு வைத்து முடுக்கிக்கொடுத்தார். டிஸ்க்குக்குக் கரண்டு கொடுக்கும் சாட்டா பவர் பின் இரண்டுதான் இருந்தது. மற்ற இரண்டு டிஸ்க்குக்கு மோலெக்ஸ் என்ற பழைய நாலு பின் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளை 80 ரூபாய்க்குத் தந்தார். நானும் தலையாட்டிவிட்டு வாங்கி வந்தேன்.

முதல் ராத்திரியே அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "என்னடா இது, பக்கத்துல யாரோ தார் சுத்தற மாதிரி இருக்கு?" தறிக்கு நூலைத் தாரில் சுற்றுகிற சத்தத்தைச் சொன்னார். தறிக்கார வீட்டில் பிறந்தவருக்கு உடனே அதுதான் தோன்றியது. காரணம் எளிது. இந்த வகையில் 40 மில்லிமீட்டர் விசிறிதான் நுழையும். அவ்வளவு சின்ன விசிறி போதுமான காற்றைத் தள்ள வேண்டுமென்றால் வெறித்தனமாகச் சுற்ற வேண்டும், கீச்சென்று கத்தும். எஸ்எஃப்எக்ஸில் பெரும்பாலும் 92 மில்லிமீட்டர், நீளம் கூடிய எஸ்எஃப்எக்ஸ்-எல் வகையில் 120. லோடு குறைவாக இருக்கும்போது விசிறியே நின்றுவிடும் மாடல்களும் உண்டு.

சத்தம்கூடப் பரவாயில்லை. கரண்டு போய் வரும்போதெல்லாம் மூன்றாவது டிஸ்க் காணாமல் போக ஆரம்பித்தது. அப்போதுதான் ஸ்டிக்கரைப் பொடி எழுத்து வரை படித்தேன். டிஸ்க் மோட்டாரும் பிராசசரும் நம்பியிருக்கும் 12 வோல்ட் வரிசையில் 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட். மேலே பெரிதாகப் போட்ட 450-இல் மிச்சமெல்லாம் 5, 3.3 வோல்ட் கணக்கு, இல்லையென்றால் வெறும் மை. 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். நான்கும் சேர்ந்து கிளம்பினால் 8. மீதி 6-இல் போர்டும் பிராசசரும் பிழைக்க வேண்டும், அதுவும் ஸ்டிக்கர் சொல்வது உண்மையாக இருந்தால்.

ஏற்காட்டில் ஒரு கல்யாணம் முடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, படங்களை ஏற்றிக்கொண்டிருந்த ராத்திரி பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. சுவிட்சை அணைத்துவிட்டுத் திறந்தால் அந்த 80 ரூபாய் கேபிளின் முனை பழுப்பேறி இளகியிருந்தது. ஒரே வார்ப்பாக அச்சில் ஊற்றிய முனைகளுக்குள் கம்பிகள் நெருங்கி உரசி ஷார்ட் ஆவது தெரிந்த ஆபத்துதான். எனக்குத்தான் தெரியவில்லை. டிஸ்க்குகள் தப்பியது அதிர்ஷ்டம்.

‘கோல்டு’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது 80 பிளஸ் என்ற முத்திரையில் ஒரு தரம். அந்த முத்திரை அளப்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை, சத்தத்தை அல்ல. கோல்டு அளவுகோல் 20, 50, 100 சதவீத லோடில் பார்க்கப்படுகிறது. என் சர்வர் சும்மா இருக்கும்போது எடுப்பது 40 வாட் சொச்சம், 450-இல் பத்து சதவீதம்கூட இல்லை. அந்த இடத்தைப் பற்றி கோல்டு எதுவும் சொல்வதில்லை. அதனால் நாலு டிஸ்க்குக்கு 600, 750 என்று போகாதீர்கள். சான்று பெற்ற மாடல்களின் பட்டியல் இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. என்னுடையதைத் தேடினேன், இல்லை.

கடைக்குத் திரும்பப் போனபோது தம்பி இல்லை, முதலாளி இருந்தார். "வீட்ல வோல்டேஜ் ஏறி இறங்கியிருக்கும் சார்" என்றார். பில்லைக் கேட்டார். நான் வாங்கியிருந்தது துண்டுச்சீட்டு, அதில் "எஸ்எம்பிஎஸ் 1" என்று மட்டும். மாடல் எண் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. மூன்று வருஷ வாரண்டி என்று வாயால் சொன்னது காற்றோடு போயிற்று. உங்கள் பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

இப்போது ஏழாயிரத்துச் சொச்சத்துக்கு, 12 வோல்ட்டில் 37 ஆம்பியர் போட்ட 450 வாட் எஸ்எஃப்எக்ஸ் ஒன்றை வரவழைத்துப் போட்டிருக்கிறேன். நாலு டிஸ்க்குக்கும் அதன் சொந்தக் கேபிளே போதுமானது. (பழையதைப் பிரித்து விசிறியை மாற்றலாமே என்று நண்பன் சொன்னான். வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.)

துண்டுச்சீட்டையும் இளகிய கேபிளின் போட்டோவையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். நாலாம் நாள் கடையிலிருந்து போன். பணம் தர முடியாதாம், அதற்குப் பதில் ஒரு கீபோர்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம், 2,980 ரூபாய்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.