டப்பாவில் 'ஐரோப்பிய கார்களுக்கு' என்று இருந்தது, நம்பி ஊற்றினேன்

என்னுடையது டிபிஎஃப் என்கிற கரி வடிகட்டி வைத்த ஃபோக்ஸ்வேகன் டீசல். ஃபோக்ஸ்வேகன் கம்பெனியே தரும் விடபிள்யூ 507 00 அங்கீகாரம் உள்ள இன்ஜின் ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கிறது. வழக்கமாக வாங்கும் பிராண்டு ஒருமுறை கிடைக்கவில்லை.

"அது இப்போ வர்றதே இல்ல சார். இதை எடுத்துக்கங்க, ஐரோப்பியக் காருக்குன்னே செஞ்சது. ரெண்டுமே 5டபிள்யூ-30தான்" என்றார் கடைக்காரர்.

டப்பாவின் முன்பக்கம் வெள்ளி நிறக் கார் ஒன்று மலைவளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. மேலே 'ஃபுல் சிந்தெடிக்'. சரி, நல்ல சரக்குதான் என்று வாங்கிவிட்டேன். அடுத்த இரண்டு சர்வீஸுக்கும் அதையே.

அப்புறம் வடிகட்டி தன் கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் வேலை அடிக்கடி நடக்கத் தொடங்கியது. பிறகு எச்சரிக்கை விளக்கு எரிந்தது, வண்டி இழுக்க மறுத்தது. வேறு காரணமாகவும் இருக்கலாம் என்றுதான் மெக்கானிக் முதலில் சென்சார்களைப் பார்த்தார். கடைசியில் ஆயில் டப்பாவைக் கேட்டார். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏசிஇஏ (ஐரோப்பியக் கார் கம்பெனிகளின் சங்கம்) ஆயிலை வகைப்படுத்தும் குறியீடு ஏ3/பி4, கூடவே விடபிள்யூ 502 00, 505 00. தேடித் தேடிப் பார்த்தும் 507 இல்லை.

5டபிள்யூ-30 என்பது பிசுபிசுப்பை மட்டும்தான் சொல்கிறது. ஆயிலில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. கால்சியம், துத்தநாகம் போன்றவை கலந்த ஆயில் இன்ஜினுக்குள் கொஞ்சம் எரியும்போது சாம்பலாகி வடிகட்டியில் தங்கிவிடும். கரி எரிந்து போகும், சாம்பல் எரியாது. அதனால்தான் வடிகட்டி வைத்த கார்களுக்கான ஏசிஇஏ சி3 வகை ஆயிலில் சல்பேட் சாம்பல் (ஆயில் எரிந்தபின் மிஞ்சும் சாம்பலின் அளவு) 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஏ3/பி4 வகையில் அது கூடுதலாகவே இருக்கும். வடிகட்டி இல்லாத பழைய பெட்ரோல் காருக்கு நான் வாங்கியது நல்ல ஆயில்தான், அதில் பொய்யில்லை.

கடையில் போய்க் கேட்டேன். "டப்பாவில ஃபோக்ஸ்வேகன் நம்பர் போட்டிருக்கே சார்" என்றார். போட்டுத்தான் இருக்கிறது, என் காருக்கான நம்பரை அல்ல! மெர்சிடிஸ்காரர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் மோசம். அவர்களுடைய அங்கீகார நம்பரில் 229.5 சாம்பல் கூடிய வகை, 229.51 குறைந்த வகை. கடைசியில் இருக்கும் ஒரு 1-ஐக் கவனிக்காவிட்டால் தீர்ந்தது.

இன்னொரு தந்திரம் வார்த்தையில். 'அப்ரூவ்டு' என்றால் கார் கம்பெனி சோதனை முடிவுகளைப் பார்த்து ஒப்புக்கொண்டது. 'சூட்டபிள் ஃபார்', 'ரெக்கமண்டட் ஃபார்' என்பதெல்லாம் ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. பிராண்டு கிடைக்கவில்லை என்றால் தவிக்க வேண்டியதில்லை. 507 00 அங்கீகாரம் உள்ள ஆயிலைப் பல கம்பெனிகள் விற்கின்றன. கடையில் பெயரைக் கேட்காதீர்கள், நம்பரைக் கேளுங்கள். மெர்சிடிஸ் தான் ஒப்புக்கொண்ட ஆயில்களின் பட்டியலை இணையத்திலேயே வைத்திருக்கிறது.

என் வடிகட்டியைக் கழற்றிச் சாம்பல் எடுக்க அனுப்பியிருக்கிறேன். கார் அசையாமல் நிற்கிறது, அந்த வெள்ளிக் கார் மட்டும் டப்பாவில் இன்னும் வளைவில் திரும்பிக்கொண்டிருக்கிறது.