கோடியக்கரைப் பறவைகளுக்கு எது முதலில்: அலையாத்தி நடவா, தண்ணீர் வழியா?

காவிரி டெல்டாவின் கடைசி முனையில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, வேதாரண்யம் சதுப்பு நிலம், கோடியக்கரை எல்லாம் ஒட்டிக் கிடக்கின்றன. 2002 முதல் ராம்சர் தளம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம் பெற்ற இடம். இங்கே சதுப்பு நிலத்தை மீட்பது பற்றி யார் பேசினாலும் பேச்சு அலையாத்திக் கன்று நடுவதில்தான் போய் நிற்கிறது. அரிய பறவைகளுக்காக என்றால் அது முதல் வேலையே இல்லை என்பேன்.

நடவைக் குறை சொல்லவில்லை. ஒரு காலத்தில் மொட்டையாக வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்து, ஏறிவந்த கடல்தண்ணீர் திரும்ப வழியில்லாமல் தேங்கிக் காய்ந்து, மண் உப்பேறிப் போனது. அங்கே நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள் என்று மீன்முள் வடிவில் வெட்டி, ஓதம் (கடல் ஏற்ற இறக்கத் தண்ணீர்) ஏறி இறங்க வழி செய்து, கரைச்சரிவில் நட்டார்கள். நன்றாகப் பிடித்தது. மீன், இறால் பெருகும், கொக்கும் வக்காவும் அடையும், புயலின் வேகமும் குறையும். வாய்க்காலைத் தூர் வாராமல் விட்டால் மறுபடி மேடிட்டுவிடும், அவ்வளவுதான்.

ஆனால் சேற்றில் இரை தேடும் உள்ளான் வகைப் பறவைகளுக்கு மரம் வேண்டாம், வெட்டவெளிச் சேறுதான் வேண்டும். 1980களில் கோடியக்கரையில் பதிவான கரண்டிமூக்கு உள்ளான், சிட்டுக்குருவி அளவே உள்ள பறவை, உலகத்தில் இன்று ஆயிரம்கூட இல்லை. மெல்லிய தண்ணீர் படர்ந்த சேற்றில் அலகை இப்படியும் அப்படியும் அலைத்துத்தான் அது இரை தேடும். பூநாரை முழங்கால் ஆழத்தில் நின்று அலகைத் தலைகீழாக விட்டு வடிகட்டித் தின்னும். மேயும் கூட்டத்துக்கு நாலு பக்கமும் பார்வை ஓட வேண்டும், வல்லூறு மறைந்து வர மரம் இருந்தால் இறங்கவே யோசிக்கும்.

அப்புறம் சீமைக்கருவேலத்தைப் பிடுங்குவது. வெளிமான் மேயும் புல்வெளிக்கு அது அவசியம். சேற்றுப் பறவைகளுக்குப் பலன் குறைவு.

ஆகவே என் ஓட்டு தண்ணீர் வழிக்கு: தூர்ந்த வாய்க்கால்களையும் முகத்துவாரங்களையும் திறந்துவிடுவது. கடைமடை வயலுக்கே தண்ணீர் வராதபோது பறவைக்கா என்று விவசாயி கேட்டால், நியாயமான கேள்விதான். வயலுக்குப் போகும் தண்ணீரில் யாரும் பங்கு கேட்கவில்லை. வடகிழக்குப் பருவமழையில் வடிகால் ஆறுகள் வழியாக எப்படியும் கடலுக்குப் போகும் வெள்ளம், பறவைகள் வந்திறங்கும் அதே மாதங்களில், சதுப்பில் கொஞ்சம் பரவிவிட்டுப் போகட்டும். ஆழமாகத் தேக்கவும் கூடாது, தேங்கினால் சின்ன உள்ளான்கள் கிளம்பிவிடும்.

நட்ட கன்றை எண்ணிக் கணக்குக் காட்டலாம், தூர் வாரியதை அப்படிக் காட்ட முடியாது. நிதி நடவுக்கே போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். முன்பு வெட்டிய அலையாத்தியின் அடிக்கட்டை இருக்கும் இடத்தில் மீன்முள் வாய்க்கால் வெட்டுங்கள், சரி. எப்போதும் சேற்றுவெளியாகவே இருந்த இடத்தில் ஒரு கன்றுகூட நட வேண்டாம்.