கரைசல் சொட்டிலிருந்து எரிபொருள் மணி: உட்புற ஜெல்லாக்கமா, வெளிப்புற ஜெல்லாக்கமா?

அணு உலைக்கான எரிபொருளைத் தூளாக அரைத்து, சலித்து, அச்சில் அழுத்தி வில்லைகளாக்கி, சூளையில் இறுக்குவதுதான் உலகெங்கும் பெருவழக்கு. இயற்கை யுரேனியத்துக்கும் குறைந்த செறிவூட்டல் யுரேனியத்துக்கும் அந்த வழியில் பெரிய குறையொன்றும் இல்லை. ஆனால் தூளில் புளுட்டோனியம் சேர்ந்தவுடன், அரைக்கும்போதும் சலிக்கும்போதும் எழும் நுண்தூசி, கையுறை வழியே கைவிட்டு வேலை செய்யும் மூடிய கையுறைப் பெட்டியின் உட்சுவரிலும் கருவிகளின் இடுக்குகளிலும் படிந்து, அங்கே பணிபுரிவோர் வாங்கும் கதிர்வீச்சை நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போகிறது. தோரியத்திலிருந்து பிறக்கும் யுரேனியம்-233 இன்னும் கடினமானது. அதனுடன் ஒட்டிவரும் யுரேனியம்-232, ஏறத்தாழ 69 ஆண்டு அரை ஆயுட்காலம் கொண்டது. அதன் சிதைவுத் தொடரில் வரும் தாலியம்-208 வெளியிடும் 2.6 மெகா எலெக்ட்ரான் வோல்ட் காமா கதிரைக் கையுறைப் பெட்டி தடுக்காது. தடித்த சுவருக்குப் பின்னால் நின்று தொலைக்கருவிகளால் செய்யவேண்டிய வேலையில் தூளைக் கையாள்வது பெரும்பாடு; திரவத்தைக் குழாய் வழியே செலுத்துவது எளிது.

சோல்-ஜெல் முறையின் நியாயம் இதுதான். எரிந்த எரிபொருளிலிருந்து பயனுள்ள உலோகங்களைப் பிரித்தெடுக்கும் மறுபதனாக்கத்தின் முடிவில் எரிபொருள் உலோகங்கள் நைட்ரேட் கரைசலாகவே கிடைக்கின்றன. அதைத் தூளாக்காமல், நேரே சொட்டுகளாக்கி, ஒவ்வொரு சொட்டையும் உருண்டை வடிவம் கெடாமல் ஜெல்லாக உறையச் செய்து, கழுவி, உலர்த்தி, காற்றில் சுட்டு, ஹைட்ரஜன் கலந்த வாயுவில் ஒடுக்கி, 1,600 பாகை செல்சியஸ் அளவில் இறுக்கினால், கசகசாவை ஒத்த கெட்டியான பீங்கான் மணிகள் கிடைக்கின்றன. சொட்டு எவ்வளவு சுருங்குகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 1.2 மோல் யுரேனியம் உள்ள கரைசலை எடுத்துக்கொண்டால், கெட்டியான யுரேனியம் டைஆக்சைடில் அதே ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 40 மோல் அடங்குவதால், கன அளவு 34-இல் ஒரு பங்காகவும் விட்டம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழாகவும் குறைகிறது. அரை மில்லிமீட்டர் மணி வேண்டுமென்றால் 1.6 மில்லிமீட்டர் சொட்டு விழவேண்டும். இத்தனை சுருக்கத்தையும் விரிசலின்றித் தாங்கும் ஜெல்லைப் பெறுவதே இத்துறையின் நடுநாயகமான வேலை. வழிகள் இரண்டாகப் பிரிவதும் அந்த இடத்தில்தான்.

இரண்டு வழிகளிலும் சொட்டை உறையவைப்பது அம்மோனியாதான். அது சொட்டுக்குள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்து நுழைகிறதா என்பதே வேறுபாடு. பார்வைக்குச் சிறிதாகத் தெரியும் இந்த வேறுபாடு, கரைசலை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதிலிருந்து கழிவுநீரில் என்ன மிஞ்சும் என்பது வரை அனைத்தையும் தீர்மானித்துவிடுகிறது.

உள்ளிருந்து உறைவது

நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரிலிருந்த கெமா நிறுவனம் வளர்த்தெடுத்தது உட்புற ஜெல்லாக்கம். நைட்ரேட்டின் அளவைக் குறைத்த, அதாவது யுரேனியம் ஒன்றுக்கு நைட்ரேட் இரண்டு என்பதற்குப் பதிலாக ஒன்றரை அளவில் மட்டும் கொண்ட யுரேனைல் நைட்ரேட் கரைசலையும், ஹெக்ஸமெத்திலீன்டெட்ரமினும் யூரியாவும் சேர்ந்த கரைசலையும் உறைநிலைக்கு அருகில் குளிர்வித்துக் கலக்கிறார்கள். வீட்டில் பாலில் உறைமோர் விட்டு உடனே குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் அது தோயாமல் கிடப்பதைப்போல, உறையவைக்கும் பொருள் ஒவ்வொரு துளியிலும் கலந்திருந்தும் குளிரில் இந்தக் கலவை திரவமாகவே இருக்கிறது. யூரியா அந்தக் குளிரில் யுரேனைல் அயனியைப் பிணைத்து அமைதிப்படுத்தி வைத்திருக்கிறது. சொட்டுகள் 90 பாகை அளவில் சூடான சிலிக்கோன் எண்ணெயில் விழுந்தவுடன் பிணைப்பு தளர்கிறது. யுரேனைல் நீராற்பகுப்புக்கு உள்ளாகி அமிலத்தை வெளிவிட, அதை ஹெக்ஸமின் (ஹெக்ஸமெத்திலீன்டெட்ரமினின் சுருக்கப்பெயர்) முதலில் தானே ஏற்றுக்கொள்கிறது, பிறகு சிதைந்து அம்மோனியாவாகவும் ஃபார்மால்டிஹைடாகவும் பிரிகிறது. யூரியா ஃபார்மால்டிஹைடைப் பற்றிக்கொள்வதால் சிதைவு மேலும் முன்னோக்கி நகர்கிறது. சில நொடிகளில் சொட்டின் நடுவும் விளிம்பும் ஏறத்தாழ ஒன்றாகவே உறைந்துவிடுகின்றன.

இந்த ஒருசீர்மைதான் இவ்வழியின் பெரும்பலம். உலர்த்தும்போது தோல் ஒரு வேகத்திலும் உள்ளே இருப்பது வேறு வேகத்திலும் சுருங்குவதில்லை. கோட்பாட்டு அடர்த்தியின், அதாவது துளையே இல்லாத பொருளின் அடர்த்தியில், 99 விழுக்காட்டை எட்டும் மணிகள் இதில் வழக்கமாகவே கிடைக்கின்றன. வேதிக்கலவையின் விகிதத்தை மாற்றினால் ஜெல்லின் தன்மையும் மாறுகிறது என்பது இன்னொரு நன்மை. ஒரு விகிதத்தில் கண்ணாடிபோல் கடினமான ஜெல், இன்னொன்றில் மென்மையான ஒளிபுகா ஜெல். எந்த விகிதத்தில், எந்த வெப்பநிலையில் எது கிடைக்கும் என்பதை வரைபடமாகப் பதிவு செய்வதில் மும்பை டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையம் நீண்டகாலம் உழைத்திருக்கிறது. தோரியத்துக்கும், யுரேனியம்-புளுட்டோனியம் கலவைக்கும், தோரியம்-யுரேனியம் கலவைக்கும் தனித்தனி வரைபடம் தேவைப்படுவதால் அது பொறுமையைக் கேட்கும் பணி. அந்தப் பணி இல்லாமல் இந்த வழியில் ஓர் அடியும் வைக்க முடியாது.

இதற்குக் கொடுக்கும் விலையும் கணிசமானது. கலவையைக் குளிரிலேயே வைத்திருக்கவேண்டும். சொட்டு விழும் முனைக்குப் போகும் குழாயில் சற்றே வெப்பம் ஏறினாலும் அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். மணிகளின் மேல் ஒட்டிய எண்ணெயை நீக்கக் கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற கரைப்பான்கள் வேண்டியிருந்தன. அவை உடலுக்கும் ஓசோன் படலத்துக்கும் கேடானவை என்பதால் மாற்று தேடவேண்டியதாயிற்று. எனினும் என் பார்வையில் எல்லாவற்றையும்விடக் கவனம் கோருவது அடுத்துவரும் அம்மோனியா நீர்க் கழுவல்தான். ஜெல்லுக்குள் அம்மோனியம் நைட்ரேட்டும், எதிர்வினையில் பங்குகொள்ளாமல் எஞ்சிய ஹெக்ஸமினும் யூரியாவும் தங்கியிருக்கின்றன. ஆக்சிஜனேற்றியும் கரிமப்பொருளும் ஒரே மணிக்குள் சேர்ந்திருப்பதால், கழுவல் அரைகுறையாக இருந்தால் சூடேற்றும்போது மணி வெடித்துச் சிதறக்கூடும். பெரிய அளவில் சேர்ந்தால் அது பாதுகாப்புச் சிக்கலாகவே மாறிவிடும். இவையெல்லாம் கரைந்த கழுவுநீர், கதிரியக்கமும் சேர்ந்த கழிவாக, கணிசமான கன அளவில் வெளிவருகிறது.

எண்ணெயே வேண்டாம் என்று சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வகம் எடுத்த முயற்சி இங்கே குறிப்பிடத்தக்கது. விழும் சொட்டுகளை நுண்ணலை வெற்றறை ஒன்றின் ஊடாகச் செலுத்தி, விழும்போதே சூடேற்றி உறையச் செய்வது அதன் கருத்து. எண்ணெயும் அதைக் கழுவும் கரைப்பானும் ஒருசேர நீங்குவதால், தடித்த சுவர் சூழ்ந்த கதிரியக்க அறையான ஹாட் செல்லுக்குள் செய்யவேண்டிய வேலைக்கு இதுவே சரியான திசை என்று நான் கருதுகிறேன்.

வெளியிலிருந்து உறைவது

வெளிப்புற ஜெல்லாக்கத்தில் யுரேனைல் நைட்ரேட் கரைசலுடன் பாலிவினைல் ஆல்கஹாலும் டெட்ராஹைட்ரோஃபர்ஃப்யூரில் ஆல்கஹாலும் சேர்க்கப்படுகின்றன. இவை உறையவைப்பவை அல்ல. கரைசலுக்குக் கொழகொழப்பையும், சொட்டுக்கு வடிவத்தைக் காக்கும் உறுதியையும் தருபவை. அதிரும் முனையிலிருந்து பிரியும் சொட்டு முதலில் காற்றில் விழுந்து உருண்டையாகிறது. பிறகு அம்மோனியா வாயு நிறைந்த பகுதியைக் கடக்கும்போது அதன்மேல் மெல்லிய தோல் பிடிக்கிறது. அந்தத் தோல் இருப்பதால்தான் கீழேயுள்ள அம்மோனியா நீரில் மோதும்போது சொட்டு தட்டையாகிவிடாமல் தப்புகிறது. அதன்பின் அம்மோனியா உள்நோக்கி மெல்ல ஊடுருவ, உள்ளேயிருக்கும் யுரேனியம் அம்மோனியம் டையுரனேட்டாக வீழ்படிகிறது. முழுவதும் உறைய மணிகளை அம்மோனியா நீரில் நெடுநேரம் ஊறவைத்து முதிரச் செய்யவேண்டும்.

வெளியிலிருந்து உள்ளே செல்லும் எந்த உறைவிலும் நடுவும் விளிம்பும் ஒரே வரலாற்றைக் கொண்டிருக்க முடியாது. தோல் இறுகி உள்ளே இளகியிருந்தால் உலர்த்தும்போது விரிசல் வரும். ஆகவே முதிர்த்தல், கழுவல், உலர்த்தல் என்ற மூன்றையும் நுட்பமாகக் கட்டுப்படுத்தவேண்டும். பாலிவினைல் ஆல்கஹாலைக் காற்றில் மெதுவாக எரித்து நீக்குவது இன்னொரு படி. அவசரப்பட்டால் அதுவும் மணியை உடைக்கும். ஆனால் எண்ணெய் இல்லை, கரைப்பான் இல்லை, குளிர்விப்பு இல்லை. ஊட்டக் கரைசல் அறைவெப்பத்தில் அசையாமல் காத்திருக்கும்.

அந்தக் காத்திருப்பின் மதிப்பை ஷான்டாங் மாநிலத்தின் ஷிடாவோவானில் 2023 டிசம்பரில் வணிகச் செயல்பாட்டுக்கு வந்த சீனாவின் உயர்வெப்ப உலையான எச்.டி.ஆர்.-பி.எம்.மின் தேவையை வைத்து உணரலாம். அதன் எரிபொருள் 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிராஃபைட் பந்து. ஒவ்வொன்றிலும் 7 கிராம் யுரேனியம், அரை மில்லிமீட்டர் மணிகளாக, கார்பன், சிலிக்கன் கார்பைடு உறைகள் பூசப்பட்டு அடங்கியிருக்கிறது. ஒரு மணியில் ஏறத்தாழ 0.6 மில்லிகிராம் யுரேனியம் என்று கொண்டால், ஒரு பந்துக்குப் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட மணிகள் வேண்டும். உள்மங்கோலியாவின் பாவ்டோவில் உள்ள ஆலையின் திறன் ஆண்டுக்கு 3 லட்சம் பந்துகள். அதாவது ஏறத்தாழ 350 கோடி மணிகள். ஆண்டு முழுவதும் இரவும் பகலும் நிற்காமல் நொடிக்கு நூறு சொட்டுகளுக்கு மேல் விழுந்தால்தான் அந்த எண் நிறைவேறும். இத்தனை ஓட்டத்தில், குழாயில் எந்த நொடியும் உறைந்துவிடக்கூடிய கரைசலைவிட அமைதியாகக் காத்திருக்கும் கரைசலையே எந்தப் பொறியாளரும் தேர்ந்தெடுப்பார். ஜப்பானின் உயர்வெப்பச் சோதனை உலையான எச்.டி.டி.ஆர்.-க்கான 600 மைக்ரோமீட்டர் மணிகளும் வெளிப்புற வழியில்தான் செய்யப்பட்டன. இரண்டையும் இணைத்து, உள்ளே ஹெக்ஸமினும் வெளியே அம்மோனியாவுமாகச் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகம் எச்.டி.ஆர்.-10 உலைக்காக வகுத்த முழு ஜெல்லாக்க முறையும் உண்டு.

மூன்றாவதாக, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் தோரியத்துக்காக உருவாக்கிய நீர்ப்பிரிப்பு முறையையும் சொல்லவேண்டும். தோரியாவின், அதாவது தோரியம் ஆக்சைடின், உண்மையான கூழ்மத்தைச் சொட்டுகளாக்கி, நீரை உறிஞ்சும் நீண்டசங்கிலி ஆல்கஹாலில் விட்டு, நீர் வெளியேறுவதாலேயே ஜெல்லாக்கும் முறை அது. தோரியத்துக்கு அழகாக ஒத்துழைத்த அந்த வழி மற்ற உலோகங்களுக்கு அதே எளிமையுடன் வரவில்லை. இன்று அதைப் போட்டியில் வைத்துப் பேசத் தேவையில்லை.

எதற்கு எது

சீனாவின் எடுத்துக்காட்டைக் கொண்டு வெளிப்புற வழியே வென்றது என்று முடிவுகட்டிவிடக்கூடாது. அமெரிக்காவின் உயர்வெப்ப உலை எரிபொருள் திட்டம் யுரேனியம் ஆக்சைடும் கார்பைடும் கலந்த மணிகளை உட்புற ஜெல்லாக்கத்தில்தான் செய்தது. வெறும் ஆக்சைடு பிளவுறும்போது மிஞ்சும் ஆக்சிஜன் கார்பனுடன் சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகி உறைக்குள் அழுத்தத்தை ஏற்றுகிறது. கார்பைடும் கலந்திருந்தால் அந்த ஆக்சிஜன் அங்கேயே பிணைக்கப்படுகிறது. இதற்குக் கரித்தூளைக் கரைசலிலேயே சீராகப் பரப்பவேண்டும். ஒரே கணத்தில் முழுச் சொட்டும் உறைவதால் அந்தப் பரவல் கலையாமல் நிற்கிறது. ஐடஹோவில் 2006 முதல் 2009 வரை நடந்த ஏ.ஜி.ஆர்.-1 சோதனையில், ஏறத்தாழ 3 லட்சம் மணிகள், 19 விழுக்காட்டுக்கும் மேலான உச்ச எரிவளவு (தொடக்க உலோக அணுக்களில் பிளவுற்றவற்றின் பங்கு) வரை சென்றும், உலையில் கதிர்வீச்சுக்கு உட்பட்டிருந்தபோது ஒன்றுகூட உடையவில்லை.

எரிந்த எரிபொருளில் உருவாகும் அமெரிசியம் என்ற கனத்த தனிமம் வந்தால் நிலை தலைகீழாகிறது. அமெரிசியம்-241 கிராமுக்கு 0.11 வாட் வெப்பத்தைத் தானே வெளியிடுகிறது. குளிர்ந்திருந்தால்தான் உறையாது என்ற நிபந்தனையுள்ள கலவையில், தானே சூடாகும் பொருளைக் கரைத்து வைப்பது முரணானது. கார்ல்ஸ்ரூவேயில் உள்ள ஐரோப்பிய ஆய்வகம் இதற்குக் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது: கதிரியக்கமில்லாத சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) மணிகளை வெளிப்புற ஜெல்லாக்கத்தில் துளைகள் நிறைந்தவையாகச் செய்துவிட்டு, பிறகே பாதுகாப்பான அறையில் அமெரிசியம் கரைசலை அவற்றுக்குள் ஊறவைப்பது. அழுக்கான வேலை ஒரே ஒரு படியாகச் சுருங்கிவிடுகிறது.

இந்தியாவின் நோக்கம் வேறு. இங்கே மணிகள் பெரும்பாலும் மணிகளாகவே உலைக்குப் போவதற்கல்ல, இரண்டு பயன்களுக்காக. ஒன்று, பெரியவை, சிறியவை என இரண்டு அளவு மணிகளை உலோகக் குழாயில் அதிர்வூட்டி நிரப்பும் ஸ்பியர்-பேக் கம்பிகள். பெரியவை குழாயின் 63 விழுக்காட்டை நிரப்பினால், மீதி இடைவெளியில் சிறியவையும் அதே விகிதத்தில் நிரம்ப, உச்ச எல்லை 86 விழுக்காடு. நடைமுறையில் கிடைப்பது அதைவிடக் குறைவே. அப்படிப்பட்ட யுரேனியம்-புளுட்டோனியம் ஆக்சைடு சோதனைக் கம்பிகளை வேக ஈனுச் சோதனை உலைக்காகச் செய்யும் வசதியைக் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் அமைத்தது. இதற்கு அடர்த்தியான மணிகள் வேண்டும். உட்புற வழி பொருத்தம். மற்றொன்று, மணிகளைத் தூசியற்ற தூளாகக் கருதி அச்சில் அழுத்தி வில்லையாக்குவது. இதற்குக் கடினமான மணி தீங்கு. அழுத்தும்போது உடையாமல் நிற்கும் மணிகள், வில்லைக்குள் நாவற்பழக் கொத்துபோல் தனித்தனியே தெரிந்து, இடையே துளைகளை விட்டுவிடும். டிராம்பேயில் கரைசலில் கரித்தூள் சேர்த்து மணியாக்கி, பின்னர் அதை எரித்து நீக்கி, நொறுங்கக்கூடிய துளைமணிகளைச் செய்தார்கள். ஒரே வழியில், ஒரே கருவித் தொகுதியில், கலவையை மட்டும் மாற்றிக் கடினமான மணியையும் மென்மையான மணியையும் பெறலாம் என்பதே உட்புற ஜெல்லாக்கத்தை இந்நாட்டுக்கு ஏற்றதாக்குகிறது.

தோரியம்-யுரேனியம்-233 எரிபொருளுக்கும் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். அமெரிசியத்தைப்போல் தன்வெப்பம் அதில் தடையில்லை. தடையாக நிற்பது காமா கதிர் மட்டுமே, அதற்குத் தொலைக்கருவி போதும். ஆனால் அதற்கு முன் எண்ணெயையும் அதன் கரைப்பானையும் ஹாட் செல்லிலிருந்து வெளியேற்றவேண்டும். கழுவுநீரில் மிஞ்சும் ஹெக்ஸமினையும் யூரியாவையும் மீட்டு மறுபடியும் கலவையில் சேர்க்கும் சுற்றை, மணி செய்யும் சுற்றுக்கு இணையான அக்கறையுடன் வடிவமைக்கவேண்டும்.