உபி நான்காம் மாடி: பின்பாலுக்கு நான்கரை நட்சத்திரம், வீடியோ கேமுக்கு மூன்று

சிங்கப்பூர் உபியில், பழைய வீடியோ கேம்களும் சரிவான பலகையில் எஃகுப் பந்தை அடித்து ஆடும் பின்பால் பெட்டிகளும் வைத்திருக்கும் ஓர் இடத்துக்குப் போய்வந்தேன். முதலில் மின்தூக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது என் தொழில். உபி தொழிற்பேட்டையில் இருக்கும் அந்தக் கட்டடத்தில் ஆள் ஏறும் மின்தூக்கி ஒன்று, சரக்கு மின்தூக்கி ஒன்று. நாங்கள் போன சனிக்கிழமை முதலாவது பழுது. சரக்கு மின்தூக்கி மாடிக்கு மாடி உதறியது, அதன் கதவு மூடுவதற்குள் ஒரு தே-ஓ குடித்து முடித்துவிடலாம். நான்காம் மாடியில் கார் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டும் பட்டறை, ஒரு அச்சகம், அப்புறம் பெயர்ப் பலகை இல்லாத இரும்புக் கதவு. கதவில் ஒரு எஃகுப் பந்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள், அதுதான் அடையாளம். மணி அடித்தால் திறப்பார்கள்.

கட்டணம் ஒருவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு 25 வெள்ளி. காசு போட வேண்டாம், எந்தப் பெட்டியிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆடலாம். நானும் 14 வயது மகளும் போனோம். "அம்பது வெள்ளி குடுத்துச் சூதாடப் போறீங்களா?" என்று மனைவி வீட்டிலேயே இருந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நியூயார்க் நகரமே 1942 முதல் 1976 வரை பின்பாலைச் சூதாட்டம் என்று தடை செய்து வைத்திருந்தது. ஆரம்பகாலப் பெட்டிகளில் பந்தைத் திருப்பி அடிக்கும் துடுப்பான ஃபிளிப்பர் கிடையாது. பந்தை மேலே ஏவிவிட்டு, எந்தக் குழியில் விழுகிறது என்று வாய் பார்க்க வேண்டியதுதான். 1947-இல் காட்லீப் நிறுவனம் ஃபிளிப்பரைக் கொண்டுவந்த பிறகுதான் ஆடுபவர் கைக்கு வேலை வந்தது.

உள்ளே ஒரு வகுப்பறை அளவு இடம். இடது பக்கம் ஆறு வீடியோ கேம் பெட்டிகள், வலது பக்கம் ஏழு பின்பால். சுவரோரம் வரிசையாக டிரான்ஸ்ஃபார்மர்கள். ஜப்பான் பெட்டிகளுக்கு 100 வோல்ட் போதும், நம் ஊர் மின்சாரம் 230. நேராகச் செருகினால் புகைதான். அந்த டிரான்ஸ்ஃபார்மர்களை வரிசை பிசகாமல் அடுக்கி, ஒவ்வொன்றிலும் எண் ஒட்டியிருந்ததைப் பார்த்ததுமே எனக்குக் கடைக்காரர் மீது மரியாதை வந்துவிட்டது.

அந்த மரியாதையைக் கொஞ்சம் குறைத்தது ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பெட்டி. மேலிருந்து இறங்கி வரும் எதிரிகளைச் சுடும், 1978-இல் வந்த விளையாட்டு. நான் பிறந்த ஆண்டு. எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகம் எடுக்கும் இல்லையா? அன்றைய சிப்புக்கு அத்தனை உருவங்களையும் ஒன்றாக நகர்த்தச் சக்தி இல்லை. கூட்டம் குறைந்தால் அதன் பாரம் குறைந்தது, தானாகவே வேகம் கூடியது. அதை உருவாக்கிய தோமோஹிரோ நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார். பலவீனமே பரபரப்பாகிவிட்டது. அந்த விளையாட்டை இங்கே ஒரே பலகையில் அறுபது விளையாட்டு வரும் மலிவுச் சாதனத்தில், தட்டையான எல்சிடி திரையில் ஓடவிட்டிருக்கிறார்கள். வெளியே மட்டும் பழைய பெட்டி, பழைய படம். இதைவிட வீட்டில் கைத்தொலைபேசியிலேயே ஆடிக்கொள்ளலாம்.

பேக்-மேனும் 'ஸ்டிரீட் ஃபைட்டர் 2' சண்டை விளையாட்டும் அப்படியில்லை, இரண்டிலும் பழைய பிக்சர் டியூப் இருக்கிறது. ஓரங்கள் லேசாகப் புடைத்து, நிறங்கள் ஒன்றோடொன்று கசிந்து, கண்ணுக்கு இதமாக இருக்கும். மகள் பேக்-மேனைவிட்டு அரை மணி நேரம் நகரவில்லை. சிவப்புப் பேய் நேராகத் துரத்தும், இளஞ்சிவப்புப் பேய் நாம் போகப்போகும் இடத்துக்கு முன்னால் போய் நிற்கும் என்பதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா, அந்தப் பிங்க் ரொம்பக் கள்ளம்" என்றாள்.

ஸ்டிரீட் ஃபைட்டரில் எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1991-இல் அது வந்தபோது எனக்கு 13 வயது. பள்ளிச் சீருடையோடு உள்ளே வரக்கூடாது என்று கேம் கடை வாசலில் எழுதியிருக்கும், அதனால் பையில் ஒரு டி-சட்டை எப்போதும் இருக்கும். போனால் கூட்டாளிகள் எல்லாம் என்னிடம் அதில் வரும் இந்திய யோகி தால்சிமைத் தள்ளிவிடுவார்கள். கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் நெருப்பு, ரப்பர் மாதிரி நீளும் கை கால், பின்னால் யானைகள். "உன் ஆளு" என்பார்கள். எனக்குப் பிடித்தது அமெரிக்கப் படைவீரன் கைல். இந்தச் சனிக்கிழமை மகளும் கேட்காமலேயே எனக்குத் தால்சிமைத் தேர்ந்தெடுத்து வைத்தாள். தோற்றேன். அதற்குக் கடை பொறுப்பில்லை.

இப்போது வலது பக்கம். பின்பால் இருக்கும் இடத்துக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: பந்து கைவிட்டுப் போனால் தப்பு என்னுடையதா, பெட்டியுடையதா? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைத்தொகுதியில் இடது ஃபிளிப்பர் பாதிதான் எழும்பும் பெட்டியில் எட்டு வெள்ளி இழந்தேன். முகப்பில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். "அது அப்படித்தான் அங்கிள்" என்றார்.

இங்கே முதலில் ஆடம்ஸ் ஃபேமிலி. பாலி நிறுவனம் 1992-இல் வெளியிட்டது, பேட் லாலர் வடிவமைத்தது, இருபதாயிரத்துக்கு மேல் விற்றது. ஆடுகளத்தின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி. சரியான பாதையில் பந்தை அனுப்பினால் அதன் மூடி திறக்கிறது, உள்ளிருந்து ஒரு கை எழுந்து வருகிறது. காந்தத்தால் பந்தை எடுத்துக்கொண்டு மெதுவாக உள்ளே இறங்கிவிடுகிறது, மூடி மூடிக்கொள்கிறது. முப்பது வருடத்துக்கு மேலான பொறி. நான்கு முறை பார்த்தேன், ஒரு முறைகூடப் பந்தை நழுவவிடவில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் துருப்பிடிக்காமல் இதை ஓட்டுவது லேசான காரியமில்லை.

இன்னொரு பெட்டியில் வலது ஃபிளிப்பர் சோர்ந்து அடித்தது. சொன்னதும், அங்கே வேலை பார்க்கும் பையன் (பாலிடெக்னிக் முடித்துவிட்டுத் தேசிய சேவைக்குக் காத்திருக்கிறாராம்) "ரெண்டு நிமிஷம் அண்ணே" என்று கண்ணாடியை உருவினார், பந்தை எடுத்தார், ஆடுகளத்தை கார் பானெட் மாதிரி தூக்கி நிறுத்தினார். அடியில் முழுக்க வயரும் விளக்கும் காயிலும் (மின்காந்தக் கம்பிச் சுருள்). ஃபிளிப்பர் காயிலில் இரண்டு சுற்று இருக்கிறது: தடித்த கம்பி ஒரே இழுப்பில் அடிக்க, மெல்லிய கம்பி பொத்தானை அமுக்கியபடி இருந்தால் பிடித்துவைக்க. முழு விசையிலேயே பிடித்து வைத்தால் காயில் வெந்துவிடும். எங்கள் மின்தூக்கி பிரேக்கிலும் இதே கதைதான், திறக்க ஒரு விசை, திறந்தபடி நிறுத்த அதில் கொஞ்சம். இருபது வருடமாக நான் கிரீஸ் கையோடு பார்த்த வேலை இங்கே பல வண்ண விளக்குகளுக்கு அடியில் நடந்துகொண்டிருக்கிறது. தண்டு ஓடும் உறை தேய்ந்திருந்தது. புதியது போட்டார், ஏழெட்டு நிமிடம் ஆனது. அந்த நேரத்தை எங்கள் இரண்டு மணிக் கணக்கில் சேர்க்கவில்லை.

டில்ட் விஷயத்திலும் நியாயமாக இருக்கிறார்கள். பெட்டியை ஆட்டினால் கண்டுபிடிக்க உள்ளே ஒரு தூக்குக்குண்டு தொங்கும், சுற்றி ஒரு வளையம். குண்டு வளையத்தைத் தொட்டால் மின்சுற்று சேர்ந்துவிடும், எச்சரிக்கை வரும், மீறினால் அந்தப் பந்து போச்சு. சில இடங்களில் தும்மினாலே டில்ட் ஆகும். இங்கே இடுப்பால் ஒரு தள்ளு தள்ள இடம் விட்டிருக்கிறார்கள்.

குறைகள்: உட்கார இரண்டே முக்காலி. ஏர்கான் நேராகப் பின்கழுத்தில் அடிக்கிறது. சாப்பாடு கிடையாது, கீழே கேன்டீன் சனிக்கிழமை இரண்டு மணிக்கே மூடிவிடுகிறது. தண்ணீர் கொண்டு போங்கள். மூன்று மணிக்குமேல் கூட்டம் சேர்ந்தால் ஆடம்ஸ் ஃபேமிலிக்குக் காத்திருக்க வேண்டும், அந்த நேரமும் உங்கள் கணக்கில்தான் போகும். அது சரியில்லை.

ஒவ்வொரு பின்பால் பெட்டியின் காலிலும் நூல் கட்டி ஒரு 555 நோட்டு தொங்குகிறது. காப்பிக் கடையில் கடன் எழுதும் அதே சின்ன நோட்டுதான். தேதி, கோளாறு, மாற்றிய பாகம் எல்லாம் அதில் இருக்கிறது. ஆடுபவர்களும் எழுதலாம். கிளம்பும் நேரத்தில் மகளின் பந்து ஒரு சரிவுப் பாதைக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டது. பையன் வந்து எடுத்துக் கொடுத்தார். மகள் நோட்டைப் பிரித்து, தேதி போட்டு, பந்து மாட்டிய இடத்துக்கு ஒரு படமும் வரைந்துவிட்டு வந்தாள். கீழே இறங்க சரக்கு மின்தூக்கிக்கு ஆறு நிமிடம் காத்திருந்தோம்.